பல் வெளுத்த ஞாயிறு

நவம்பர் 3, திங்கள்
ஆபீஸ் கேன்டீனில் சோனியா சொன்னாள்: "பதினாறாம் தேதி வீட்டுக்கு வா. நம்ம விஷயத்தை அம்மாகிட்ட சொல்லிட்டேன். உன்னைப் பாக்கணுமாம்." சந்தோஷத்தில் சிரித்தேன். "அங்க வந்து இப்படிச் சிரிக்காத. பல்லெல்லாம் டிகாக்ஷன் கலர்." விளையாட்டாகத்தான் சொன்னாள். முப்பத்தெட்டு வயதில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நவம்பர் 5
மென்பொருளுக்குக் கையேடு எழுதிப் பிழைப்பவன். பல்லுக்கும் ஓர் அட்டவணை போட்டேன். வீட்டு முறை: பல் அளவுக்குச் செய்த உறையில் ஜெல், தினம் ஒரு மணி நேரம், பத்து நாள். மெதுவாக வெளுக்கும், கூச்சம் குறைவு. டாக்டர் முறை: நாற்காலியில் ஒரே மணி நேரம். உடனே வெளுக்கும், கூச்சம் அதிகம். முடிவு: அறிவுள்ளவன் வீட்டு முறையைத் தேர்ந்தெடுப்பான். நாளை ஆரம்பம்.

நவம்பர் 13
ஆரம்பிக்கவில்லை.

நவம்பர் 15, சனி
வைட்ஃபீல்ட் கிளினிக். டாக்டர் அனுஷா வாயைப் பிளந்துவைத்து நீல விளக்கு அடித்தார். "ரெண்டு நாள் கலர் உள்ள எதுவும் வேண்டாம் சார். காபி, டீ, மஞ்சள், பீட்ரூட். ஜில் தண்ணியும் கூடாது, கூசும்." வாய் நிறையப் பஞ்சு. நாளைக்கு விருந்து என்று எப்படிச் சொல்வது? தலையாட்டினேன்.
கண்ணாடியில் பார்த்தேன். வாய்க்குள் புது வாஷ்பேசின்.

நவம்பர் 16, ஞாயிறு
ஜீவனஹள்ளி. சோனியாவின் அம்மா சரசு தெருமுனைக்கே வந்து அழைத்துப்போனார். எலுமிச்சை சோறு, சாம்பார், பீட்ரூட் பொரியல். டாக்டரின் பட்டியலை வைத்துச் சமைத்தது போல. "உங்களுக்குன்னு சைவமாவே பண்ணேன் தம்பி. பாத்திரம்கூடப் புதுசு."
வயிறு சரியில்லை என்றேன். டீ? வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுத்துவந்தார். அதுவும் வேண்டாம் என்றேன். பல் வெளுத்த கதையைச் சொல்ல வெட்கம்.
"பரவால்ல தம்பி. நாங்க யாரையும் கட்டாயப்படுத்தறதில்ல." என்ன பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

நவம்பர் 17
மதியம் கேன்டீனில் சோனியா எதிரே வந்து உட்கார்ந்தாள். "அம்மா இருபது வருஷம் உங்க ஆளுங்க வீட்ல வேலை செஞ்சவங்க. தனி டம்ளர்ல காபி குடிச்சவங்க. தண்ணி கூடவா வேண்டாம், ரகு?"
ஐயோ, அது இல்லை — பல்லுக்காக — வாயைத் திறந்து வேறு காட்டினேன். காட்டினேனே!
பல்லைப் பார்த்தாள். "சாதின்னாகூட அம்மாவுக்குப் பழக்கம். பல்லுன்னு போய் எப்படிடா சொல்றது?"

நவம்பர் 22
சாதியைப் பற்றி என்னிடம் ஓர் அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. எல்லாம் அடிக்கோடு போட்டுப் படித்தவை. இருந்தும் அன்று ஏன் உறைக்கவில்லை? அப்பா யார் வீட்டில் தண்ணீர் குடிப்பார், யார் வீட்டில் அவருக்கு வயிறு சரியிருக்காது என்று பார்த்து வளர்ந்தவன்தானே. அந்தப் பொய்யைக்கூட நான் சொந்தமாக யோசிக்கவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு
மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். சரசு அம்மா கோபப்படவில்லை. "சோனியா சொன்னா தம்பி. பல்லு நல்லா பளிச்சுனு இருக்கு." உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து தெருவில் போட்டார். "உள்ள ஒரே புழுக்கம். இங்கயே உக்காருங்க, காத்து வரும்."
தெருவில் எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தேன்.