தெரியாமல் திறந்த பக்கம்

என்னங்க,

சோறும் மீன் குழம்பும் மேடையில மூடி வச்சிருக்கேன். பொன்மலையில வேலை முடிஞ்சு பசியோட வருவீங்க, முதல்ல சாப்பிடுங்க.

லேப்டாப்ல கேஸ் புக் பண்ற பக்கத்தைத் தெரியாம மூடிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி கன்ட்ரோல், ஷிஃப்ட், டி சேர்த்து அழுத்தினேன், வந்துடுச்சு. கை பட்டு இன்னொரு தடவை அழுத்தினதுல, நீங்க மூடின பக்கமும் வந்துடுச்சு. ‘கரு கலைய அப்பா காரணமா இருக்குமா’ன்னு தேடியிருக்கீங்க.

நேத்துதான் உங்களுக்கு வலியே இல்லன்னு கத்தினேன்.

யார் மேலயும் தப்பில்லன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? அதைச் சொல்லித்தானே என்னைத் தேத்துனீங்க?

பூசைக்குப் போறேன். இன்னிக்கு உங்களுக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏத்துறேன்.

கேத்தரின்

பி.கு: அந்தப் பக்கத்தை நான் மூடல. நான் வந்ததும் ரெண்டு பேருமா மூடுவோம். அதுவரைக்கும் தனியா உக்காந்து எதையும் தேடாதீங்க.