வீடியோ வட்டில் ரெப்போவும் என் பெயரில் 'மந்தம்' என்ற குறிப்பும்

அனுப்புநர்:
மூத்த நிரலாளர் (இம்மாத இறுதிவரை),
கட்டணப் பிரிவு, மூன்றாம் தளம்.

பெறுநர்:
பணியாளர் குறைதீர் அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கோப்பு முறைமையின் மந்தத்தை என் மந்தமாகப் பதிந்து வழங்கிய பணிநீக்க உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நாங்கள் எழுதும் நிரலையும் அதன் ஒவ்வொரு மாற்றத்தையும் காத்து வைக்கும் களஞ்சியத்தை ரெப்போ என்போம். சென்ற ஆண்டுவரை அது அவரவர் கணினியிலேயே இருந்தது. எந்தெந்தக் கோப்புகள் மாறியுள்ளன என்று கணினியிடம் கேட்டால் உடனே பதில் வரும்.

2. தொழில்நுட்பத் தலைவர், பாதுகாப்பு கருதி, ரெப்போக்களைக் கீழ்த்தளத்துப் பொது வட்டுக்கு மாற்றினார். கோப்புகளை அடுக்கி வைத்து எடுத்துத் தரும் அதன் கோப்பு முறைமை விளம்பரப் பிரிவின் வீடியோக்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரிய கோப்பு ஒன்றை அது நொடியில் விழுங்கும். ரெப்போவிலோ லட்சக்கணக்கான குட்டிக் கோப்புகள். எவை மாறின என்று சொல்ல ஒவ்வொன்றின் கதவையும் தட்டி விசாரித்தாக வேண்டும்; பதில் வர வெகுநேரம் ஆகும். இதை எழுத்தில் தெரிவித்தேன். அவர் எங்களைக் கூட்டி, தம் மகளின் நீச்சல் போட்டி வீடியோவை அந்த வட்டில் ஏற்றிக் காட்டினார். கண் இமைப்பதற்குள் ஏறியது. "பாத்தீங்களா? குறை வட்டுல இல்லம்மா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

3. அன்றிலிருந்து கணினியிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதே என் வேலையாகிவிட்டது. அவர் சுற்றி வரும்போதெல்லாம் அந்தக் கோலத்தில்தான் கண்ணில் படுவேன். "மந்தம். பெரும்பாலும் திரையை வெறித்தபடி இருக்கிறார்" என்று மதிப்பீட்டில் எழுதி, என்னை வீட்டுக்கு அனுப்பப் பரிந்துரைத்தார்; நேற்று உத்தரவும் வந்துவிட்டது. வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான், ஐயா. இந்தக் குறிப்போடு வேறு எந்த அலுவலகத்தின் படியேறுவேன்? அவமானத்தில் அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

4. தொழில்நுட்பத் தலைவரின் ரெப்போ மட்டும் இன்றுவரை அவருடைய கணினியிலேயே இருக்கிறது. இவ்வாண்டின் விரைவுப் பணிக்கான பாராட்டு அவருக்கே கிடைத்துள்ளது. என் வாழ்த்துகளையும் சேர்த்துக்கொள்ளவும்.

ஆகவே, எங்கள் ரெப்போக்களைப் பழையபடி அவரவர் கணினிக்கே மாற்ற ஆணையிடுமாறும், என் மனு மீது முடிவெடுக்குமுன் ஒருமுறை என் இருக்கைக்கு வருமாறும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். எவை மாறியுள்ளன என்று கணினியிடம் கேளுங்கள். பதில் வரும்வரை எழுந்திருக்க வேண்டாம். அப்போது கதவருகே நின்று யாராவது உங்களைப் பார்த்தால், உங்களைப் பற்றி என்ன எழுதிக்கொள்வார்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

இடம்: மூன்றாம் தளம், சன்னலோர இருக்கை
நாள்: உத்தரவு கிடைத்த மறுநாள்

தங்கள் பதிலுக்கும் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மூத்த நிரலாளர்