அடுக்களைத் தொட்டியின் உயரம்

1956 ஜனவரி 7, சனி

கடும் பனி. குளச்சலிலிருந்து முதல் பஸ் பிடித்து ஊருக்கு வந்தேன். செருப்பு வார் அறுந்து, ஊக்குப் போட்டுச் சமாளித்தேன்.

புது வீட்டில் சுவர் பூச்சு முடிந்துவிட்டது. அடுக்களை மட்டும் பாக்கி. இன்று முடிவு செய்யவேண்டியது பாத்திரம் கழுவும் தொட்டி. போன வருடம் பயிற்சிக்குத் திருவனந்தபுரம் போனபோது நான் வாங்கிவந்த வெள்ளைப் பீங்கான் தொட்டி. இத்தனை நாளும் வைக்கோல் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வாங்கிவந்த அன்று பஸ்ஸில் காலடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் கேட்டான்: "டீச்சரே, இது பிள்ளையக் குளிப்பாட்டுகதுக்கா?" பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

கொத்தனார் தங்கையன் சொன்ன வழிகள், மறக்காமலிருக்க:

1. சுவரில் இரண்டு இரும்புத் தாங்கி பதித்து அதன்மேல் தொட்டி. கீழே காலி, பெருக்கித் துடைக்கலாம். பெரிய உருளியைப் போட்டால் இரும்பு தாங்குமா என்று அவருக்கே சந்தேகம்.

2. செங்கல் கால் கட்டி, மேலே கருங்கல் பலகை, பலகையில் ஓட்டை, தொட்டி விளிம்பு பலகைக்கு மேலே. சுலபம். விளிம்பைச் சுற்றிப் பருக்கை ஒட்டி நாறும்.

3. அதே பலகை, விளிம்பு பலகைக்கு அடியில். சிந்திய தண்ணீரைக் கையால் வழித்து உள்ளே தள்ளிவிடலாம். கல் வெட்டத் தனி ஆள் வேண்டும்.

4. தொட்டியே வேண்டாம். பழையபடி தரையில் தளம், சுற்றி ஒரு விரற்கடை வரம்பு. இது அம்மா கட்சி.

மூன்றாவது என்றேன். அண்ணன் தலையாட்டினார். கிணற்றடிச் சுவரில் சிமெண்டுத் தொட்டி கட்டி, தண்ணீர் கோரி ஊற்றினால் குழாய் வழியாக உள்ளே வரும். கழிவுத் தண்ணீர் கொல்லை வாழை மூட்டுக்குப் போகும். கேட்கவே குளிர்ச்சி.

உயரம் என்ன என்று கேட்டேன். தங்கையன்: "எந்தப் பொம்பள இங்க நிக்கப்போறா? அவ வந்து நிக்கணும். மொழங்கைக்கு ஒரு சாண் கீழ. எல்லா வீட்டுக்கும் அப்பிடித்தான்." நான் போய் நின்றேன். சாண் போட்டுச் செங்கல் துண்டால் சுவரில் கோடு கிழித்தார். "நல்ல ஒயரம் கேட்டியளா டீச்சரம்மா. ரெண்டு வரி கல்லு கூட வைக்கணும்." அண்ணன் மனைவி, மைனி, நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 

யாராவது என் உயரத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு எரிச்சல் வரும். பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டமும் அதைச் சொல்லித்தான் எழுந்து போனது. இன்று எரிச்சல் வரவில்லை. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக என் உயரத்துக்கு ஒரு சாமான். சிறுபிள்ளை மாதிரி சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஜன. 8, ஞாயிறு

வெயில். அம்மா காலையிலேயே தொடங்கிவிட்டாள்.

"நின்னுக்கிட்டு ஏனம் கழுவுகதாம். எச்சிச் சட்டியும் பொங்குக சட்டியும் ஒரே அடுக்களையில. வெளங்குமா?"

"அம்மா, டாக்டர் குத்துக்காலிட்டு இருக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு. நடுமுதுகு எனக்கு எப்படி வலிக்குன்னு ஒனக்குத் தெரியாதா?"

"நான் எழுவது வயசுலயும் இருந்துதாம்ட்டி கழுவுகேன்."

அண்ணன்தான் முடித்துவைத்தார். "விடும்மா. அவ கேட்டது இது ஒண்ணுதான? இது அவ வீடுதான." அண்ணன் நேற்று நாகர்கோவில் கூட்டத்துக்குப் போய் முழங்கி, தொண்டை கட்டி வந்திருக்கிறார். எந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேரும், எது மலையாளத்துப் பக்கம் போகும் என்பதுதான் எந்நேரமும் பேச்சு. ஆனாலும் எனக்காக ஒரு வார்த்தை சொன்னார். குறித்துவைக்கிறேன்.

இது அவள் வீடு. அஸ்திவாரம் போட்ட அன்றும் இதைத்தான் சொன்னார். அப்பா போனதிலிருந்து என் சம்பளம் அப்படியே அண்ணன் கையில். பஸ்ஸுக்கும் சோப்புக்கும் அதில் திரும்ப வாங்கிக்கொள்வேன். வீடு கட்டுகிறோம் என்றதும் அதையும் குறைத்துக்கொண்டேன். கஷ்டமாகத் தெரியவில்லை. நமக்கு என்று நினைத்தால் எதுவும் கஷ்டம் இல்லை.

மாலை பஸ். வாங்க வேண்டியவை: ஊக்கு, சிவப்பு மை, சீயக்காய்.

ஜன. 11, புதன்

காற்று. மணல் பறந்து வகுப்புக்குள் வந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு கணக்கு நோட்டு எல்லாம் திருத்தியாயிற்று. எச்.எம். ஒரு காரணமும் இல்லாமல் கடுகடுப்பு.

வாடகை வீட்டில் என்னோடு இருக்கும் பிலோமினா டீச்சர் கடற்கரையிலிருந்து சாளை மீன் வாங்கிவந்தாள். அவள் சட்டி தனி, என் சட்டி தனி. கழுவும் கல் மட்டும் ஒன்று, கொல்லையில். இரண்டு பேரும் உட்கார்ந்துதான் கழுவுகிறோம். நான் எழுந்திருக்க அவள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

தொட்டியைப் பற்றிச் சொன்னேன். விளிம்பு அடியில், கருங்கல் பலகை, குழாய். சிரித்தாள். "ஏட்டி நாகு, மாப்பிள்ளையப் பத்திப் பேசுக மாதிரில்லா தொட்டியப் பத்திப் பேசுக." பிறகு கேட்டாள்: "வீடு ஆரு பேருல?"

அண்ணன் பேரில். குடும்பத்து மனை, அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் மீனைக் கழுவிக்கொண்டே, நல்லதுதான் என்கிற மாதிரி, "கொள்ளாம்" என்றாள். அந்தக் கொள்ளாம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜன. 14, சனி. பொங்கல்

பழைய வீட்டு முற்றத்தில் பொங்கல். பால் பொங்கியது. குரவை. எல்லாம் வழக்கம்போல.

குளித்த கையோடு புது அடுக்களைக்கு ஓடினேன். தொட்டி வைத்தாகிவிட்டது. என்ன வெள்ளை! கல் வெட்டு அத்தனை சுத்தம், விளிம்பு அடியில் கச்சிதம். போய் நின்று கையைவிட்டேன். கை எட்டவில்லை. குனிந்தேன். இன்னும் குனிந்தேன். அப்போதுதான் அடி எட்டியது. நடுமுதுகில் சுரீரென்றது. நான்தான் சரியாக நிற்கவில்லை என்று நினைத்து, தள்ளி நின்று மறுபடி பார்த்தேன்.

மைனி வந்தாள். "தள்ளு நாகு, பாப்போம்." நின்றாள். என் தோளுக்குக் கொஞ்சம் கீழே இருப்பாள். அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அவளுக்குத் தொட்டி இருந்தது. "செரியாத்தான இருக்கு?" என்றாள். அவள் மேல் கோபப்பட முடியவில்லை. அவளுக்குச் சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் தங்கையன் பொங்கல் வேட்டி வாங்க வந்தார். கேட்டேன்.

"நான் என்ன செய்யட்டும் டீச்சரம்மா. நீங்க பஸ் ஏறினதும் அண்ணாச்சி சொன்னாவ, ரெண்டு வரி கொறச்சிரும்னு. மைனியாரை நிறுத்தி வேற அளவு எடுத்தாச்சு. ஒங்ககிட்டச் சொல்லியாச்சுன்னுல்லா நெனச்சேன்."

அவருக்கு அவசரம். வேட்டிக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். சர்க்கரைப் பொங்கல் இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜன. 15, ஞாயிறு

அண்ணனிடம் கேட்டேன். மாட்டுத் தொழுவத்தில் நின்றார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணே, எனக்குத்தான அளவு எடுத்தது?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பொறவு ஏன் கொறச்சிய?"

"நல்ல கூத்து. எந்நாளும் அதுல நின்னு சாவப்போறவ அவ. நீ வாரத்துல ரெண்டு நாளு வருக. அதும் எத்தன காலத்துக்கு? நீ நாளைக்குக் கெட்டிக்கிட்டுப் போறவ. பொறவு அவ முக்காலி போட்டா ஏறி நிக்க முடியும்?"

கெட்டிக்கிட்டுப் போறவ.

பத்து வருடமாக இந்த வீட்டில் யாரும் என் கல்யாணப் பேச்சை எடுத்ததில்லை. ஜாதகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அம்மாவுக்கே தெரியாது. கடைசியாக வடசேரியிலிருந்து ஒரு வாத்தியார் வீட்டார் கேட்டு ஆள் விட்டபோது, அவள் சம்பளம் இல்லாமல் குடும்பம் எப்படி ஓடும் என்று திருப்பி அனுப்பியவர் இதே அண்ணன். கதவுக்குப் பின்னால் நின்று என் காதால் கேட்டேன். நேற்று வரை நான் கட்டிக்கொண்டு போகிறவள் இல்லை. இரண்டு வரிக் கல்லைக் குறைக்க வேண்டும் என்றதும் போகிறவள் ஆகிவிட்டேன்.

இதையெல்லாம் அங்கே சொல்லவில்லை. "செரி" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாயில் அது ஒன்றுதான் சீக்கிரம் வருகிறது. சவம்.

ஜன. 19, வியாழன்

குளச்சல். லேசான தூறல். தொண்டை வலி. கிராம்பு.

பி. டீச்சரிடம் எல்லாம் சொன்னேன். அவள் "நான் அன்னைக்கே" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். நல்ல மனசு. பிறகு கேட்டாள், "இடிச்சு ரெண்டு வரி ஏத்தச் சொல்லு. ஒனக்கு வாயில்லியா?"

ஏற்றலாம். தங்கையன் அரை நாளில் செய்துவிடுவார். அண்ணனிடம் அழுதால் ஒருவேளை ஒத்துக்கொள்ளவும் செய்வார். ஆனால் இனி அது எனக்கு எதற்கு? என் உயரத்துக்கு ஏற்றிய தொட்டியில் மைனி தினமும் கை தூக்கிக் கழுவி, தினமும் என்னைத் திட்டுவாள். வீட்டில் இருக்கப்போவது யார் என்று அண்ணன் முடிவு செய்த பிறகுதானே அளவை மாற்றினார். அதை எந்தக் கொத்தனார் ஏற்றிக் கட்டுவார்?

குழந்தைகளை இன்று காரணமில்லாமல் அடித்துவிட்டேன். இரண்டு பேரை. கேவலம்.

ஜன. 27, வெள்ளி

புது வீட்டில் பால் காய்ச்சு. லீவு எழுதிக்கொடுத்துவிட்டு நேற்றே வந்தாயிற்று. வாழைக்குலை, தோரணம், நாதஸ்வரம் ஒரு செட். இராஜாக்கமங்கலத்திலிருந்து சித்தப்பா வண்டி கட்டி வந்தார். ஐந்து வகைப் பாயசம் என்று பேச்சு, வந்தது மூன்று.

அண்ணன் ஒவ்வொருவரையும் அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டுபோய்த் தொட்டியைக் காட்டினார். "திருவனந்தொரத்துச் சாமான். கீழ பாருங்க, விளிம்பே தெரியாது." யார் வாங்கிவந்தது என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சித்தப்பா கையை விட்டுப் பார்த்துவிட்டு, "மருமவளுக்குக் கணக்கா இருக்குடே" என்றார்.

என்ன வந்தது எனக்கு என்று தெரியவில்லை. சாப்பிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் போய் நின்றேன்.

"அண்ணே, எல்லாரும் இருக்காவ. ஒரு காரியம் கேக்கேன். எனக்கு ஒரு மாப்பிள்ள பாருங்க. சித்திரைக்குள்ள போயிருகேன்."

 யாரோ ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். அண்ணன் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். தடவி முடித்து, வெற்றிலையை மடித்து, நிதானமாகச் சொன்னார்:

"பாப்போம் பாப்போம். மொதல்ல மேல ஒரு மாடி எடுத்துக்கிடுவோம். பொறவு பாக்கலாம்."

நக்கலாகச் சொன்னால் தாங்கியிருப்பேன். நக்கல் இல்லை. மழை விடட்டும், பிறகு உழலாம் என்பதுபோலச் சொன்னார். கூடத்தில் இருந்தவர்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. தலையாட்டினார்கள்.

மாடிக்கு ஏணிப்படி வைக்க ஒரு மூலையை விட்டிருக்கிறார்கள் என்பது இன்றுதான் என் கண்ணில் பட்டது.

சாயங்காலம் அம்மா: "நாலு பேரு முன்ன இப்பிடிக் கேக்கலாமா மக்கா? ஒனக்கு வெக்கம் இல்லியா?" இருக்கிறது அம்மா. உங்கள் எல்லாருக்கும் சேர்த்து நான்தான் வெட்கப்படுகிறேன்.

மைனிக்குக் களைப்பு. பாத்திரம் முழுக்க நான்தான் கழுவினேன், குனிந்து நின்று. குழாய்த் தண்ணீர் நன்றாக வருகிறது.

பிப்ரவரி 1, புதன்

சம்பளம். முதுகில் எண்ணெய். பி. டீச்சர் தேய்த்துவிட்டாள், மீன் வாசம் அடிக்கும் கையோடு. ஒன்றும் தோன்றவில்லை. இப்போது அந்த வாசம் பழகிவிட்டது.

பிப். 4, சனி

வெயில். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். நா.கோவில் பஸ் நின்றது. கண்டக்டர் ஏறச் சொன்னான். ஏறவில்லை. கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மத்தியானம் முழுக்கத் தூங்கினேன். பகலில் இப்படித் தூங்கி எத்தனை காலமாயிற்று.

பிப். 6, திங்கள்

நாலு மணி. மணி அடித்து வெளியே வந்தால் பள்ளிக்கூட வாசலில் அண்ணன். இஸ்திரி போட்ட சட்டை, குடை. முதல் தடவையாகக் குளச்சலுக்கு வந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

"சொகமில்லியா? சனியாச்ச ஒன்னக் காணலியே."

"சொகந்தான்."

"பொறவு வீட்டுக்கு வரலியா?"

"எந்த வீட்டுக்கு அண்ணே?"

கேட்டுவிட்டேன். பிள்ளைகள் வணக்கம் டீச்சர், வணக்கம் டீச்சர் என்று கடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மாடிக்கு மரம் சொல்லியிருப்பதாகச் சொன்னார். அம்மாவுக்கு மூச்சு இரைப்பு என்றார். நான் பையைத் திறக்கவில்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அழுகைதான் வந்தது. அடக்கிக்கொண்டேன். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

சம்பளம் பையில் அப்படியே இருக்கிறது. சொந்தச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.