பெட்டி இருக்கும் வளவு

9.1.2001
என் சம்சாரம் ராமலெட்சுமியை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். குடல் முறுக்கி அழுகிப்போய், பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கமுதி பஸ்ஸில் என் மேல் சாய்ந்துகொண்டு, "மிச்சக் குடலு போதுமா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும். போதும் என்று சொல்லிவைத்தேன்.

டாக்டரம்மா சொன்னது மறந்துபோகும், எழுதிவைக்கிறேன். மிச்சக் குடல் தடித்து, உள்பக்கம் வளர்ந்து, போன குடலின் வேலையையும் பார்க்குமாம். ஆனால் சோறு அதன்மேல் பட வேண்டும். பட்டால் குடலே ஹார்மோன் என்று ஏதோ சுரந்து ரத்தத்தில் விடும், அதுதான் குடலை வளரச் சொல்லும் என்றார். "ட்ரிப்பு ஏத்தினா உயிர் நிக்கும். வாயால சாப்பிட்டாத்தான் குடல் வளரும். பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. வயித்தால போகும், பயந்து நிறுத்திடாதீங்க."

15.1.2001
குழைந்த சோறு, முட்டை, கஞ்சி. தின்றதும் வயிற்றால் போகிறது.

27.1.2001
மிளகாய்க் காட்டிலிருந்து பாதியில் வந்தேன். கஞ்சியை ஆட்டுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறாள். "சாகணும்னு நெனப்பா?" என்று கத்திவிட்டேன்.

"பட்டப்பகல்ல நான் எங்கன போறது? கருவேலங்காட்டுல ஆம்பளைக ஆடு மேய்க்கிறாக. இருட்டினப்புறம் தின்னுக்கிறேன்" என்றாள்.

இது எனக்கு எப்படித் தோன்றாமல் போனது? ஆஸ்பத்திரியில் கதவு போட்ட கக்கூஸ் இருந்தது. டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை.

28.1.2001
கொல்லையில் ஒரு கக்கூஸ் கட்டலாம் என்று அய்யாவிடம் கேட்டேன். குலசாமியின் துணியும் நகையும் வைத்த, எங்கள் வகையறாவின் சாமிப் பெட்டி இந்த வீட்டில்தான் இருக்கிறது. சிவராத்திரிக்கு இங்கிருந்துதான் கோயிலுக்குத் தூக்குவார்கள். அய்யாதான் பூசாரி.

"பெட்டி இருக்குற வளவுக்குள்ள பீக்குழியா? என் உசுரு இருக்குற வரைக்கும் நடக்காதுலே."

அப்ப அவ உசுரு? — கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பெத்த அப்பன்னு பாக்குறேன். மனுசனா இவரு.

4.2.2001
வீடும் கொல்லையும் சேர்ந்த எங்கள் வளவைத் தாண்டினால் ஊருணிக் கரை. அங்கே ஓலைத் தட்டி வைத்துக் கட்டினேன். குடிக்கிற தண்ணீர் என்று ஊரார் பிடுங்கிப் போட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

14.2.2001
வளையலை முழங்கைக்கு மேல் ஏற்றிவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாள். ஏறுகிறது.

23.2.2001
மறுபடியும் மதுரை. சிவராத்திரிக்கு வீடு நிறையச் சொந்தபந்தம். அத்தனை பேர் முன்னால் எழுந்து எழுந்து போகக் கூசிக்கொண்டு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பெட்டியைத் தூக்கிய கையோடு, குலவை போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள்.

குடல் வளரவே இல்லையாம். "சாப்பிட்டாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

3.3.2001
போயிட்டா.

17.8.2001
இத்தனை நாள் எழுதக் கை வரவில்லை.

மகள் பூமயில் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். ஆறாவது படிக்கிறாள். காலையில் சாப்பிடாமல் வருகிறாள், மத்தியானமும் தண்ணீரைத் தொடுவதில்லை என்றார் டீச்சர். வீட்டில் உட்காரவைத்து, ஏன் தாயி என்று கேட்டேன்.

"பகல்ல வந்துட்டா எங்கனப்பா போறது?"

அய்யா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

18.8.2001
காலையில் அய்யா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு பெட்டியைத் தலையில் ஏற்றினார். கொட்டு இல்லை, குலவை இல்லை. தனியாகவே பங்காளி மூக்கையா வீட்டுக்கு நடந்தார். வெறுங்கையோடு திரும்பி வந்து மண்வெட்டியை எடுத்தார்.

"எங்கனலே தோண்டணும்?"

கொல்லையில் இடத்தைக் காட்டினேன். நாலு வெட்டு வெட்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. மண்வெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். இதைத் தையில் நான் கேட்டப்பவே செய்திருக்கக் கூடாதா அய்யா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் குழியைப் பார்த்து, "ராமலெட்சுமி, ராமலெட்சுமி" என்று அழுதுகொண்டிருந்தார்.