அடுத்த வீட்டில் பக்கெட் வைக்காத பிள்ளை

என் பாசமுள்ள இசக்கி அக்காவுக்கு,

பாசமுள்ள என்று எழுதிவிட்டேன். அது பொய்யில்லை. ஆனால் இன்றைக்கு உன்மேல் எனக்கிருக்கிற ஆத்திரத்துக்கு, நீ உயிரோடு இருந்திருந்தால் தாராவியில் நம் சந்து முழுக்கக் கேட்கும்படி ஒரு சண்டை போட்டிருப்பேன். நீயும் லேசில் விட்டிருக்க மாட்டாய். இப்போது நான் ஒருத்தியே கத்த வேண்டியிருக்கிறது.

உன் இரண்டாம் வருஷ நினைவு நாள் வருகிறது. உல்லாஸ்நகரிலிருந்து அத்தான் போன் செய்தார். ஜீன்ஸ் தைக்கிற மெஷின்களின் சத்தத்துக்கு மேலே அவர் கத்த, மாஹிமில் எங்கள் கூரியர் ஆபீஸ் கவுன்டரில் நின்றபடி நானும் கத்தினேன்.

"பேச்சி, போன வருசம் மாதிரி பேப்பர்ல போட்டோ போட்டு, கண்ணீர் அஞ்சலின்னு போட்டுருவமா?"

"கண்ணீரெல்லாம் போன வருசத்தோட முடிஞ்சிட்டு அத்தான். இந்த வருசம் அந்த எடத்த எனக்குக் குடுங்க. நான் அவகிட்ட ஒண்ணு கேக்கணும்."

அதனால்தான் இந்தக் கடிதம். ஊரும் படிக்கட்டும். எனக்கென்ன வெட்கம்?

விஷயம் உன் மகள் தியாவைப் பற்றியது. நீ போகும்போது உன் இடுப்பை விட்டு இறங்காதவள். இப்போது நாலரை வயது, என்னோடுதான் இருக்கிறாள். மாட்டுங்கா பக்கம் நீ ஆசைப்பட்ட அதே இங்கிலீஷ் மீடியத்தில் நர்சரி போகிறாள். தமிழ், ஹிந்தி இரண்டிலும் என்னோடு வாயாடுகிறாள். வாய் உன் வாய், மூக்கு அத்தான் மூக்கு. இந்த வருஷம் முடிந்தால் ஜூனியர் கே.ஜி. போக வேண்டியவள்.

போன வாரம் அவள் டீச்சர் ஸ்வாதி மேம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். தியாவை ஜூனியருக்கு அனுப்ப முடியாது, இன்னொரு வருஷம் நர்சரியிலேயே உட்காரட்டும் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நூறு வரை எண்ணுகிற பிள்ளையை ஏன் உட்கார வைக்க வேண்டும்? யார் பரீட்சை வைத்தது? அவள் மேஜையிலிருந்த டேப்லெட்டைத் தட்டிக் காட்டினாள். கம்ப்யூட்டர் கேமாம். சின்னப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருப்பார்களாம், அது பாட்டுக்கு மார்க் போட்டு ரிப்போர்ட் அனுப்பிவிடுமாம். தியாவின் ரிப்போர்ட்டில் சிவப்பாக ஒரு வரி: அன்றாட வீட்டு அறிவு போதாது.

வீட்டு அறிவு! தண்ணீர் வருகிற நேரத்துக்கு எனக்கு முன்னால் எழுந்து குடத்தை வரிசையில் வைக்கிறவளுக்கு.

"காட்டுங்க மேம், என்ன கேக்குது அதுன்னு பாப்போம்" என்றேன். அவள் தியாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, கேமைத் திறந்தாள். முதலில் ஒரு முயல் குதித்து வந்து கை ஆட்டியது. பின்னால் ஒரு வீடு. நீலக் கூரை, முன்சுவர் இல்லாமல் உள்ளே தெரிகிற வீடு. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை. கூரையின் உச்சியில் ஒரு காக்கா.

அந்தக் காக்காவைப் பார்த்ததும் டேப்பை என் பக்கம் இழுத்துக்கொண்டேன் அக்கா. முனிசிபாலிட்டி ஸ்கூலில் படிக்கும்போதே காக்கா இல்லாமல் நீ ஒரு வீடு வரைந்ததில்லையே. செம்பூரில் அந்த கேம் கம்பெனியில் இசக்கியம்மாள் 'ஈஷா'வாகி உட்கார்ந்து வரைந்த வீடு இது. தியா கைக்குழந்தையாக இருக்கும்போது நீ டேப்பைக் கொண்டுவந்து, "பாருட்டி, நாலு ரூமு!" என்று எனக்குக் காட்டிய அதே வீடு.

இதில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டுக்கு வெளியே ஒரு அடுப்பு, ஒரு பக்கெட், ஒரு சோபா, ஒரு கட்டில் கிடக்கும். விரலால் இழுத்து எது எந்த அறைக்கோ அதில் வைக்க வேண்டும். கீழே சமையலறை, குளியலறை. மேலே ஹால், படுக்கையறை.

தியா அடுப்பை இழுத்துச் சமையலறையில் வைத்தாள். கைதட்டல் சத்தம். கட்டிலையும் அதே அறையில் வைத்தாள். திரை முழுக்கச் சிவப்பாகத் தப்புக் குறி. முயல் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஓ ஓ! ட்ரை அகெய்ன்!" என்றது. பக்கெட்டும் அதே அறை. தப்புக் குறி, ஓ ஓ. சோபாவுக்கு இடமில்லாமல் கட்டிலின் மேலேயே ஏற்றி வைத்தாள். முயல் உட்கார்ந்து அழுதது. தியா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

"ஏட்டி, பக்கெட் எங்க இருக்கும்? குளிக்கிற எடத்துலதான? அந்தா, பக்கத்து ரூம்ல வையி" என்றேன்.

"அது நம்ம வீடு இல்ல சித்தி."

"பெறவு யார் வீடு?"

"ஜுலைகா ஆன்ட்டி வீடு. மேல பையாங்க வீடு. நம்ம பக்கெட்ட அங்க வச்சா ஏசுவாங்க."

பிறகுதான் படத்தைப் பார்த்தேன். அதுவரைக்கும் நானும் நாலு ரூம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கட்டடமும் கீழே இரண்டு, மேலே இரண்டுதானே? கீழே நாமும் ஜுலைகாவும். மேலே ஒன்றில் ஜரி வேலை பார்க்கிற பீகார்ப் பையன்கள். இன்னொன்று வீட்டுக்காரன் பூட்டி வைத்திருப்பது. முன்சுவரை எடுத்துவிட்டுப் பார்த்தால் நம் கட்டடம் இப்படித்தான் இருக்கும். நாலு ரூம் என்றால் நாலு குடும்பம். அடுப்பு எங்கே இருக்கிறதோ அது நம் வீடு. கட்டிலும் பக்கெட்டும் அங்கேதான் இருக்க வேண்டும். போன மாதம் நம் பக்கெட்டைத் தெரியாமல் ஜுலைகா வாசலில் வைத்துவிட்டு இவள் வாங்கிய ஏச்சு கொஞ்சமா? அடுத்தவர் வீட்டில் நம் சாமானை வைக்கக் கூடாது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் வீட்டு அறிவு போதாதாம்.

ஸ்வாதி மேமுக்கு நான் ஹிந்தியில் விளக்கிச் சொன்னதும் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பில்லை. அவளுக்கும் தேவ்நாரில் ஒற்றை அறைதான், கட்டில் காலடியில்தான் காஸ் அடுப்பு. "சஹி போல் ரஹி ஹை பச்சி" என்றாள். பிள்ளை சொல்வது சரிதான் என்று அவள் வாயாலேயே சொன்னாள்.

"அப்ப ரிப்போர்ட்ட மாத்துங்க."

"மேரே ஹாத் மே நஹி ஹை. சிஸ்டம் ஹை." அவள் கையில் இல்லையாம். திங்கட்கிழமை இன்னொரு தடவை விளையாட விடுகிறேன், அதற்குள் வீட்டில் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவா என்றாள். கேமை என் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள்.

சொல்லிக்கொடுப்பதா? எதை? ஸ்கூல் வாசலை விட்டு இறங்கி நேராகச் செம்பூர் ரயில் பிடித்தேன்.

உன் பழைய ஆபீஸில் ரோஹன் என்று ஒருவன் இருக்கிறான். உன் சாவுக்கு வந்து ஓரமாக நின்றவன். மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இன்ட்ரஸ்டிங்" என்றான். அந்த டீயை அவன் தலையில் ஊற்றாமல் வந்ததே உன் முகத்துக்காகத்தான்.

பிள்ளைகளை வைத்துச் சோதித்துத்தான் வெளியே விட்டார்களாம். எந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன். ஆபீஸ்காரர்களின் பிள்ளைகள். எல்லாம் ஃபிளாட்டுப் பிள்ளைகள். சரி, படம் இருந்துவிட்டுப் போகட்டும், அந்தத் தப்புக் குறியையாவது எடுங்கள், பிள்ளை இஷ்டத்துக்கு வைத்து விளையாடட்டும் என்றேன். தப்பு இல்லாவிட்டால் மார்க் இல்லை, மார்க் இல்லாவிட்டால் ரிப்போர்ட் இல்லை, ரிப்போர்ட் இல்லாவிட்டால் எந்த ஸ்கூலும் வாங்காது என்றான். அவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலரை வயதுப் பிள்ளை விளையாடுகிற விளையாட்டில்கூட ஃபெயிலாக வேண்டும், அப்போதுதான் அவன் கடை ஓடும்.

எழுந்து வரும்போது கடைசியாக ஒன்று சொன்னான். "ஈஷா நே தோ கபி குச் நஹி போலா." ஈஷா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லையாம்.

இதைத்தான் அக்கா நான் உன்னிடம் கேட்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? அந்த ஆபீஸிலேயே நாலு ரூமை நாலு வீடாகப் பார்க்கத் தெரிந்தவள் நீ ஒருத்திதானே? நாம் இரண்டு பேரும் ஒரே பாயில் படுத்தவர்கள்தானே? அப்பாவின் காலை மிதித்து மிதித்துத்தானே அடுப்படிக்குப் போவோம்? சொன்னால் தாராவிக்காரி என்று சிரிப்பார்கள் என்று பயந்தாயா? தினம் தினம் ஃபிளாட்டு வரைந்து மறந்தே போய்விட்டாயா? இல்லை, நாலும் நமக்கே இருக்கட்டும் என்று ஆசையில் வரைந்தாயா? ஆசையென்றால் ஏச எனக்கு மனசு வராது. ஆனால் அந்த ஆசைக்குப் பக்கத்தில் எவனோ தப்புக் குறியை வைக்கிறபோது நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் தியாவை உட்கார வைத்தேன். எனக்கு வீம்பு பெரிதா, அவளுடைய ஒரு வருஷம் பெரிதா? "இந்த ஆட்டத்துல மட்டும் நாலும் நம்ம வீடுட்டி" என்றேன். முடியாது என்றாள். கெஞ்சினேன், மிட்டாய் தருகிறேன் என்றேன். "ஏசுவாங்க சித்தி" என்பதை விட்டு இறங்கவில்லை. பிடிவாதம் நம் குடும்பச் சொத்தாயிற்றே. எனக்கு ரோஹன்மேல் இருந்த கோபம், உன்மேல் இருந்த கோபம் எல்லாம் சேர்ந்து அவள்மேல் இறங்கியது. "வையிட்டி!" என்று கத்திவிட்டேன்.

அவளும் அழுதுகொண்டே கத்தினாள். "இந்த வீட்ட யாரு இப்டி வரஞ்சா?"

"ஒங்கம்மாதான் வரஞ்சா! வேற யாரு?"

வாயை விட்டு வந்துவிட்டது. அவளுக்குக் கொஞ்சம் விவரம் தெரிந்த பிறகு மெதுவாகச் சொல்லலாம் என்று நானும் அத்தானும் வைத்திருந்த விஷயம். அழுகை நின்றுவிட்டது. போனை மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள், "அப்ப இதுல அம்மா வீடு எது?"

மேலே வலது பக்கத்து அறையைக் காட்டினேன். நிஜத்தில் பூட்டிக் கிடக்கிற அறை. படத்தில் அதுதான் படுக்கையறை.

திங்கட்கிழமை ஸ்வாதி மேம் டேப்பைக் கொடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அடுப்பைச் சமையலறையில் வைத்தாள். பக்கெட்டை எடுப்பதற்கு முன்னால் விரலை மடக்கி, குளியலறையை டொக் டொக் என்று தட்டினாள். "ஜுலைகா ஆன்ட்டி, பக்கெட்ட இங்க வச்சிக்கிடட்டா?" தட்டினதை முயல் தப்பாக எடுத்துக்கொண்டு, "ஓ ஓ!" என்றது. "இரு, கேக்கேன்ல!" என்று அதை அதட்டிவிட்டு, கொஞ்சம் காத்திருந்து, பிறகு வைத்தாள். மேலே ஹாலையும் தட்டினாள். "பையா, சோபா ரக் தூன்?" சோபாவை வைக்கட்டுமா என்று அவர்களையும் ஹிந்தியில் கேட்டாள். மறுபடியும் ஓ ஓ. மறுபடியும் காத்திருந்து வைத்தாள்.

கட்டில் மட்டும் பாக்கி. அதைத் தட்டாமல் கொள்ளாமல் நேரே கொண்டுபோய் மேல் அறையில் வைத்தாள்.

"இதர் க்யூன் நஹி பூச்சா?" இங்கே மட்டும் ஏன் கேட்கவில்லை என்று ஸ்வாதி மேம் கேட்டாள்.

"வோ மம்மி கா கர் ஹை. உதர் பூச்னே கா நஹி."

அம்மா வீட்டில் கேட்க வேண்டாமாம் அக்கா. ஸ்வாதி மேம் என்னைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கைதட்டல் வந்தது, நட்சத்திரம் வந்தது. உன் மகள் ஜூனியர் கே.ஜி.க்குப் போகிறாள். சந்தோஷப்பட்டுக்கொள். சாயங்காலம் ரிப்போர்ட்டும் வந்தது. சிவப்பு வரி போய், அந்த இடத்தில் வேறொரு வரி: தேவையில்லாத இடங்களைத் தொடுகிறாள், மிகவும் மெதுவாகச் செய்கிறாள். கேட்டுவிட்டு வைக்க நேரமாகாதா அக்கா? அடுத்த வீட்டில் காலை வைக்கும் முன்னால் கதவைத் தட்டுவதற்கு அந்த கேமில் மார்க்கே இல்லையா?

சரி, நான் சொல்வதைக் கேட்டுக்கொள். வேகம் போதாது என்று எத்தனை ரிப்போர்ட் வந்தாலும், தட்டாதே என்று அவளிடம் நான் சொல்ல மாட்டேன். முயல் அழுதால் அழட்டும். சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. அந்தத் தப்புக் குறி போகிற வரைக்கும் ஒவ்வொரு சனிக்கிழமையும் செம்பூரில் போய் ரோஹனின் டீயைக் குடிப்பேன். நீ அங்கே சொல்லாமல் விட்டதை உனக்கும் சேர்த்து நான் சொல்வேன். உன்மேல் இருக்கிற கோபமும் அதுவரைக்கும் ஆறாது. ஆறிவிட்டால், உன்னோடு இப்படி உட்கார்ந்து பேச எனக்கு வேறு என்ன சாக்கு இருக்கிறது?

கட்டிலை உன் வீட்டில் போட்டிருக்கிறாள். பத்திரமாகப் பார்த்துக்கொள்.

உன்னோடு ஒரே பாயில் படுத்தவள்,
தியாவின் சித்தி,
பேச்சி