ரோசாவுக்குச் சாப்பாடு

1986 ஒக்டோபர் 9, வியாழன். லுசேர்ண்

வீட்டுச் சொந்தக்காரர் ஹெர் ஆம்ரைன் காலையில் படிக்கட்டில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது வலியில் முகம் வெளிறிக் கிடந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்து, கண்ணாடிப்பெட்டியின் திறப்புச் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "ரோசா," என்றார். "சாப்பாடு."

ரோசா அவருடைய மலைப்பாம்பு. மனைவி செத்த பிறகு அவருக்கு அதுதான் துணை. அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. என் கணவர் பயத்தில் அந்தப் பக்கமே பார்க்கமாட்டார். ஆனால் அகதி முகாமிலிருந்து வந்த எங்களுக்கு ஒருவரும் அறை தராதபோது, ஒன்றும் கேளாமல் மேல்மாடியைத் தந்த மனிதர். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஒக்டோபர் 11

ஐஸ்பெட்டிக்குள் பட்டாணிப் பைக்குப் பக்கத்தில் வெள்ளை எலிகள். ஒன்றை இளகவைத்து நீண்ட இடுக்கியால் நீட்டினேன். முன்பு அவர் செய்வதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரோசா தலையைத் திருப்பிக்கொண்டது. எலியை உள்ளேயே விட்டு வந்தேன். விடிய நாறியது. எறிந்தேன்.

ஒக்டோபர் 15

இன்றும் தொடவில்லை. நான் என்ன பிழை விடுகிறேன்?

ஒக்டோபர் 18, சனி

அவருடைய மகள் உர்சுலா சூரிச்சிலிருந்து வந்தாள். பாம்பென்றால் அவளுக்கு அருவருப்பு. அடுத்த சனி வரையும் சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரைக் கொண்டு ஊசி போட்டு அதைக் கொல்விக்கப் போகிறாளாம். அப்பா இனிப் படி ஏறமாட்டார், வீட்டையும் பூட்டத்தான் வேண்டும் என்றாள். எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

எங்க போறது? திரும்ப முகாமுக்கோ? அந்த மனுசன் ஆசுப்பத்திரியில ரோசா, ரோசா எண்டு கேட்டுக்கொண்டு கிடக்கிறாராம். நான் என்னத்தைச் சொல்லுவன்?

ஒக்டோபர் 20

இடது கையால் எழுதுகிறேன்.

இடுக்கிக்குத்தான் அது பயப்படுகிறது என்று நினைத்தேன். கோழி வெட்டிய கையைக் கழுவாமலே எலியின் வாலைப் பிடித்து நீட்டினேன். எலியை விட்டுவிட்டு என் கையைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் முழங்கை வரை சுற்றிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. கத்தினேன்.

ஹோட்டல் குசினியில் சமையல் வேலைக்குப் போக வெளிக்கிட்டிருந்த இவர் ஓடிவந்து வாசலில் நின்றுவிட்டார். கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இழுக்காத. அசையாம நில்," என்றார்.

பிறகு உள்ளே வந்தார். வால் பக்கமிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றினார். ஹெர் ஆம்ரைனின் சாராயத்தைக் கொஞ்சம் அதன் வாயோரம் விட்டார். பிடி விட்டது.

கட்டுப் போட்டுவிட்டு, விழுந்து கிடந்த எலியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"அதுக்குப் பசி இருக்கு, ராணி. சூடான கையைத்தான் பிடிச்சது. நீ குடுத்த எலி ஐஸ் மாதிரிக் கிடக்கு."

ஒக்டோபர் 24, வெள்ளி

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். எலியைச் சுடுதண்ணீரில் வைத்து, துடைத்து, சூடு ஆறுமுன் இடுக்கியின் நுனியில் பிடித்தேன். இவர் பெட்டிக் கதவைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றார். நாக்கு நீண்டது. எடு, எடு, பிள்ளையாரே, எடுக்கட்டும் —

எடுத்தது.

கதவைப் பூட்டிவிட்டு நிலத்தில் இருந்து அழுதேன். இனிச் செமிக்கும் வரை ஒருவரும் தொடக்கூடாது.

ஒக்டோபர் 25

உர்சுலா பாம்பின் வயிற்றுப் புடைப்பைப் பார்த்தாள். வைத்தியர் வேண்டாம் என்றாள். வீட்டைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

ஒக்டோபர் 26

ஆசுப்பத்திரிக்குப் போனோம். ரோசா சாப்பிட்டுவிட்டாள் என்று அவருடைய பாஷையில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். சளி நெஞ்சில் இறங்கிவிட்டதாம். மூச்சு விடக் கஷ்டப்படுகிறார்.

நவம்பர் 5

ஹெர் ஆம்ரைன் போய்விட்டார்.

நவம்பர் 22, சனி

போகச் சொல்வாள் என்று பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தோம். உர்சுலா தனியாக வந்தாள். பாம்புக்கு எப்படிச் சாப்பாடு கொடுப்பது என்று காட்டச் சொன்னாள். இடுக்கியை அவளிடமே கொடுத்து, முழங்கையைத் தாங்கிப் பிடித்தேன். ரோசா கவ்வியதும் அவள் "அப்பா" என்றாள். கனநேரம் கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள்.

போகும்போது எங்கள் பெயர்களை எழுத்துக்கூட்டிக் கேட்டாள். வாசல் மணிக்குப் பக்கத்தில், குடியிருப்பவர்களின் பெயர் எழுதும் இடத்தில், ஆம்ரைன் என்ற பெயருக்குக் கீழே அவற்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறாள்.