இடுப்பை விட்டு இறங்கியவள்

அக்கா,

போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

நடக்கிற குழந்தையைத்தான் உன் கம்பெனிக் காப்பகத்தில் சேர்ப்பார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஒன்றரை வயதாகியும் உன் மகள் தவழ்ந்துகொண்டுதான் இருந்தாள். "நீ இடுப்பை விட்டு இறக்கினாத்தானேடி நடப்பா" என்று அம்மா திட்டுவாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இவளைப் பார்த்துக்கொள்ளத்தான். இறக்கிவிட்டு நான் என்ன செய்ய?

இன்று காலை தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றவள், கையை விட்டுவிட்டு என்னிடம் நடந்து வந்தாள். அம்மாவிடம் சொல்லவில்லை. மத்தியானம்வரை தூக்கியே வைத்திருந்தேன். இறக்கிவிடச் சொல்லி உதைத்துக்கொண்டே இருந்தாள். இறக்கிவிட்டேன்.

வந்து கூட்டிப்போ. என் காதைப் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். காப்பகத்தில் சொல்லிவை.

உன் தங்கச்சி